திரும்பி வருவோம் என்பதற்கான சான்று

முப்பத்தாறு ஆண்டுகள் வருவாய்த் துறையில் இருந்தவன் நான். ஒரு மனு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும், யார் தட்டினால் எழுந்திருக்கும், எந்த இணைப்பு இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் தெருவில் யாருக்காவது பட்டா மாறுதல் என்றால் முதலில் என் வீட்டுக் கேட்டைத்தான் தட்டுவார்கள். ஆகவே, ஸ்டாக்ஹோமில் இருக்கும் எங்கள் ஒரே மகள் பொங்கல் முடிந்த வாரத்தில் வீடியோவில் வந்து, ஜூன் நடுவில் பிரசவத்துக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னபோது, மனைவி அழுதாள். அம்மா அழுவதைப் பார்த்து மகளும் அழுதாள். நான் உள்ளே போய் ஒரு புதிய கோப்பு அட்டை எடுத்து வந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு கரு நான்காம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. அப்போது மகள் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்து பேச, இங்கே மனைவி போன் திரையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். தடவத் தடவத் திரை எங்கெங்கோ போய், கடைசியில் இணைப்பே அறுந்தது. அதன் பிறகு ஒரு மாதம் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. தப்பு என்னுடையதில்லை; ஆனால் வீட்டில் வேறு ஆள் இல்லை. இந்தத் தடவை மகள் நாலு மாதம் தாண்டட்டும் என்று காத்திருந்து சொன்னாள். "அம்மா பக்கத்துல இருந்தா போதும்ப்பா. நீங்க ரெண்டு பேரும் வாங்க" என்றாள். பிள்ளை பிறக்கும்போது தான் அங்கே இருக்க வேண்டும்: மனைவியின் கோரிக்கை அவ்வளவுதான். இத்தனை தெளிவான கோரிக்கை என் பணிக்காலத்தில் என் மேசைக்கு வந்ததே இல்லை.

"விசா எடுத்துக் குடுக்கிற ஏஜெண்டு எத்தன பேரு இருக்காங்க. அவங்க கிட்டக் குடுத்துருவோமேங்க" என்றாள்.

"எனக்கே ஏஜெண்டா?" என்றேன். அவள் அரிசி களைய எழுந்துபோனாள். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மனைவிக்கு ஸ்டாக்ஹோம் என்பது மகளின் வீடு. அந்த வீட்டில் உள்ள மின்சார அடுப்பு. அந்த அடுப்பில் பிரசவ மருந்து கிளறினால் பதம் வருமா என்ற கவலை. அதோடு முடிந்தது நகரம். மருமகனுக்கும் அந்த நாட்டில் விடுப்பு உண்டு என்று மகள் சொன்னபோது, "அவரு லீவு போட்டு என்ன செய்வாரு? பத்தியக் கொழம்பு வைப்பாரா?" என்றாள். எனக்கோ அது ஒரு தலைநகரம். பாறையைக் குடைந்து அதற்குள் ரயில் நிலையம் கட்டியிருக்கிறார்கள்; பச்சைத் தடம், சிவப்புத் தடம், நீலத் தடம் என்று மூன்று வழிகள். மகள் வீட்டிலிருந்து எந்த இடத்துக்கு எந்தத் தடத்தில் போய் எங்கே மாற வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதினேன். பிப்ரவரி பிறப்பதற்குள் நான் புதுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டே அந்த ஊரில் மூன்று வாரம் சுற்றி முடித்திருந்தேன்.

நோட்டில் முதல் பக்கத்தில் இருந்தது ஒரு கப்பல். நானூறு வருடத்துக்கு முன்னால் அந்த நாட்டு ராஜா கட்டச் சொன்ன போர்க்கப்பல். புறப்படுவதற்கு முன் சோதனை வைத்திருக்கிறார்கள். முப்பது பேரை மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துச் சோதனையை நிறுத்திவிட்டார்கள். ராஜா அவசரப்படுத்துகிறார்; யார் போய்ச் சொல்வது? கப்பல் கிளம்பியது. கரையில் நின்ற ஜனங்கள் கையசைத்து முடிப்பதற்குள் முழுகிவிட்டது. விசாரணை நடந்தது, யார்மீதும் குற்றமில்லை. முந்நூறு சொச்சம் வருடம் கழித்து அதைத் தூக்கியெடுத்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு உள்ளூர்ச் செய்தி படித்த மாதிரி இருந்தது. ஆய்வு நடந்திருக்கிறது, குறை தெரிந்திருக்கிறது, ஆனாலும் கோப்பு மேலே போயிருக்கிறது. அந்தக் கப்பலின் முன்னால் போய் நின்று ஒரு கும்பிடு போட வேண்டும் என்று ஆசை.

பிப்ரவரி முழுக்க நான் விண்ணப்பம் தயாரித்தேன். இரண்டு பேருக்கும் தனித்தனிக் கோப்பு. பக்க எண், பொருளடக்கம், ஓரத்தில் துளையிட்டு நாடா கட்டி முடிச்சு. மகள் அனுப்பிய அழைப்புக் கடிதம், பாஸ்போர்ட் நகல், ஓய்வூதிய ஆணை, இருப்பிடச் சான்று எல்லாம் வைத்தேன். இதற்கு மேல், எங்களுக்கு ஒரே மகள், வேறு பிள்ளைகள் இல்லை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சான்றும் வாங்கி, மொழிபெயர்த்து, நோட்டரி முத்திரையோடு சேர்த்தேன். அதை யாரும் கேட்கவில்லை. கேட்காததையும் வைப்பவன்தான் தேர்ந்த மனுதாரர் என்பது என் சித்தாந்தம்.

எல்லாவற்றுக்கும் முகப்பாக ஒரு விளக்கக் கடிதம். அதை நானே ஆங்கிலத்தில் எழுதினேன். ஒன்பது முறை திருத்தினேன். இரண்டு பக்கம். வயதான நாங்கள் இருவரும் இங்கே தனியாக இருக்கிறோம். உறவினர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். எங்களைக் கவனித்துக்கொள்ள ஊரில் எவரும் இல்லை. மகளே எங்களுக்கு எல்லாம். அவளைப் பிரிந்து என் மனைவி படும் வேதனை சொல்லில் அடங்காது. ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து அனுமதி வழங்க வேண்டும். படித்துவிட்டு எனக்கே கண் கலங்கியது. இந்த மனு என் மேசைக்கு வந்திருந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அந்தக் கோப்புகளோடு இருவரும் விடிகாலைப் பல்லவன் ரயிலில் சென்னைக்குப் போனோம். விண்ணப்ப மையத்தில் இருந்த பெண் என் கோப்பைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாக நாடாவை அவிழ்த்தாள். வருவாய்த் துறையில் நாடாவை அவிழ்ப்பது என்றால் நல்லது நடக்கப்போகிறது என்று அர்த்தம். அவள் பாதித் தாள்களைப் பிரித்து வைத்து, "இதெல்லாம் தேவையில்ல சார்" என்றாள். "இருக்கட்டும்மா, அவங்க பாக்கட்டும்" என்றேன். தோளைக் குலுக்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். விரல் ரேகை எடுத்தார்கள். மனைவியின் ரேகை இரண்டு முறை விழவில்லை. "பாத்திரம் தேச்சுத் தேச்சு ரேகையெல்லாம் போயிருச்சும்மா" என்று அவள் அந்தப் பெண்ணிடம் சொன்னபோது என்னைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

அதன் பிறகு காத்திருப்பு. காத்திருக்க வைத்துப் பழகியவனுக்குக் காத்திருக்கத் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. விண்ணப்ப எண்ணைப் போட்டு இணையத்தில் பார்ப்பேன்: பரிசீலனையில் உள்ளது. காபி குடித்துவிட்டு மறுபடி பார்ப்பேன்: பரிசீலனையில் உள்ளது. இந்த வாக்கியத்தை நான் எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன்! காலையில் புதுக்குளத்தை இரண்டு சுற்று சுற்றிக்கொண்டிருந்தவன் ஐந்து சுற்றுக்குப் போனேன். ஸ்டாக்ஹோமில் இன்று என்ன குளிர், எப்போது விடிகிறது என்று பார்த்துப் பார்த்து, எங்கள் ஊரில் வெயில் ஏறுவதே எனக்குத் தெரியவில்லை. மனைவி என் பழைய வேட்டிகளை எடுத்துத் துவைத்து, பிள்ளைத் துணிக்காகச் சதுரம் சதுரமாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். பழைய பருத்தி வேட்டியின் மெதுப்பு கடைத் துணியில் வராதாம்.

"ஏங்க, கொஞ்சம் ஒரு எடத்துல ஒக்காருங்களேன். பாத்தாலே எனக்குத் தல சுத்துது."

"வேட்டி எல்லாத்தையும் கிழிச்சுட்டா நான் எதக் கட்டிக்கிட்டு உக்கார்றது?"

"நல்லதா ரெண்டு விட்டிருக்கேன். போதும் ஒங்களுக்கு."

மார்ச் கடைசியில் ஒரு மத்தியானம் கூரியர் வந்தது. இரண்டு பாஸ்போர்ட்டுகள், ஆளுக்கொரு தாள். அச்சடித்த படிவம். வரிசையாகக் காரணங்கள் போட்டு, பொருந்துவதற்கு நேராகக் குறியிட்டிருந்தார்கள். எங்கள் இருவருக்கும் ஒரே குறி: விசா காலம் முடிவதற்குள் நாட்டைவிட்டு நீங்கள் வெளியேறுவீர்கள் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது. மனைவி கையில் பாதி கிழிந்த வேட்டியோடு நின்றாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன்.

"நாம திரும்பி வரமாட்டோம்னா சொல்றாங்க?"

"சந்தேகப்படுறாங்க."

"வராம? அங்கயே இருந்து என்ன செய்யப் போறோமாம்?" என்று கேட்டுவிட்டு, மீதி வேட்டியையும் கிழித்தாள். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

என் கோபம் வேறு மாதிரி. நாடா கட்டிய கோப்பை ஒருவன் நிராகரிப்பதா? படிவத்தின் கீழே மேல்முறையீடு செய்யலாம் என்று போட்டிருந்தது. அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு இளமை திரும்பியது. எட்டு நாள் உட்கார்ந்து மேல்முறையீடு எழுதினேன். முகாந்திரங்களை அ, ஆ, இ என்று பிரித்தேன். முன் கடிதத்தில் சொன்ன அதே தனிமையை, அதே ஆதரவின்மையை, இன்னும் கொஞ்சம் அழுத்தமாக எழுதினேன். ஏப்ரல் பிறந்துவிட்டது. மகள் தினமும் சாயந்திரம் கூப்பிட்டு, "என்னாச்சுப்பா?" என்றாள். அவள் வயிறு திரையில் பெரிதாகிக்கொண்டே வந்தது. என் முகாந்திரங்களும் பெரிதாகிக்கொண்டே வந்தன.

ஒன்பதாம் நாள் மனைவி என் பேனாவை எடுத்து மூடி வைத்தாள்.

"இந்த அப்பீலு எத்தன நாளாகும்?"

"மூணு மாசம். கூடவும் ஆகலாம்."

"அப்ப பிள்ளைக்குப் பல்லு மொளச்சப்புறம் தீர்ப்பு வரும். எந்திரிங்க. சட்டையப் போடுங்க."

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கணினி மையம் இருக்கிறது. நாற்பது வயதுப் பெண் ஒருத்தர் நடத்துகிறார். இங்கிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறவர்களில் பாதிப் பேர் அவருடைய பிரிண்டர் வழியாகத்தான் போகிறார்கள். என் மனைவிக்கு அவர் மாரியம்மன் கோயில் பழக்கம். நான் நிராகரிப்புத் தாளை நீட்டினேன். அவர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "லெட்டர் காப்பி இருக்கா சார்?" என்றார். கொடுத்தேன். இரண்டு பக்கத்தையும், கூடவே இருந்த பொருளடக்கத்தையும் நிதானமாகப் படித்தார். நடுவில் ஒருவருக்கு ஆதார் நகல் எடுத்துக் கொடுத்தார். மறுபடி படித்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. யாரு எழுதுனது?"

"நான்தான்."

"நீங்க தாசில்தாரா இருந்தீங்கள்ல?"

"ஆமா."

"அதான். சார், இது விசா லெட்டர் இல்ல. முதியோர் பென்ஷன் மனு. ஒரு நாளைக்கு நாலு டைப் பண்றேன், எனக்குத் தெரியாதா? 'வேறு ஆதரவு இல்லை, கவனிக்க ஆள் இல்லை, கருணை கூர்ந்து'... இதப் படிச்சா அவன் விசா குடுக்க மாட்டான் சார். மாசாமாசம் பென்ஷன் வேணாக் குடுப்பான்."

மனைவி சிரித்துவிட்டாள். கூரியர் வந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்கு நேரமாயிற்று.

"இங்க ஒங்களுக்கு ஒண்ணுமே இல்லன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க. அதுக்கு வி.ஏ.ஓ. சான்று வேற. இங்க ஒண்ணும் இல்லாதவன் எதுக்குத் திரும்பி வருவான்னு அவன் யோசிப்பான்ல?" என்றார் அந்தப் பெண். "நெலம் கிலம் இல்லையா சார்?"

"வல்லத்திராக்கோட்டையில அவ பேர்ல ஒரு ஏக்கர் இருக்கு. கடலை போடுறோம்."

"வீடு?"

"சொந்த வீடுதான். ரெண்டு பேர் பேர்லயும்."

"அப்ப பட்டா, பத்திரம் எதையும் ஏன் வைக்கல?"

கறம்பக்குடியில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்குத் தனி வட்டாட்சியராக இருந்த மூன்று வருடம் நான் பார்த்ததெல்லாம் முதியோர் ஓய்வூதிய மனுக்கள்தான். அந்த மனுவில் ஒரு சென்ட் நிலத்தைக் காட்டினாலும் தள்ளுபடி. இருப்பதை மறைத்து இல்லாததைக் காட்டுவதுதான் மனு எழுதும் கலை. மறைத்ததைக் கண்டுபிடிப்பது என் வேலை. இரண்டு பக்கத்து வித்தையும் எனக்கு அத்துப்படி. அந்த வித்தையைத்தான் ஒரு தூதரகத்திடம் காட்டியிருக்கிறேன். நான் மறைத்ததைக் கண்டுபிடிக்க அவர்களிடம் என்னைப் போல ஒருவன் இல்லை. நான் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறார்கள்.

அந்த மூன்று வருடத்தில் ஒரு மனு நினைவுக்கு வந்தது. எழுபது தாண்டிய ஒரு கிழவி. வருவாய் ஆய்வாளர் அறிக்கையில் மகன் சிங்கப்பூரில் இருப்பதாக இருந்தது. மகன் இருந்தால் ஆதரவற்றவர் ஆகமாட்டார். நான் 'மகன் உள்ளார்' என்று எழுதித் தள்ளுபடி செய்தேன். இரண்டே சொல். என் உத்தரவுகளின் சுருக்கத்தைப் பற்றி அலுவலகத்தில் நல்ல பேர் உண்டு. கிழவி அந்தத் தாளை யாரிடமோ படிக்கக் கொடுத்துக் கேட்டுவிட்டு, என் அறை வாசலுக்கு வந்தாள். கத்தவில்லை. "இருக்கான்னு எழுதிட்டீங்க. எங்க இருக்கான்னும் எழுதிக் குடுங்க சாமி. ஏழு வருசமா நானும் அதைத்தான் தேடுறேன்" என்றாள். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று சொல்லி நான் எழுந்துவிட்டேன். விதிப்படி சரியான உத்தரவு. இப்போதும் சரியான உத்தரவுதான்.

"சார்," என்றார் மையத்துப் பெண். "புதுசா அப்ளை பண்ணுவோம். அம்மா பேர்ல உள்ள நெலம், வீடு, இங்க என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் வைப்போம். ஆனா..." என் மனைவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஒரு தடவ ரிஜெக்ட் ஆகியிருக்கு. ரெண்டு பேரும் சேந்து போனா மறுபடியும் யோசிப்பான். அம்மா மட்டும் போயி, நீங்க இங்கிட்டு இருந்தீங்கன்னா கதையே வேற."

"எப்படி வேற?"

"புருசன் இங்க இருக்காருன்னா திரும்பி வந்துதான ஆகணும். ஜாமீன் மாதிரி. சாருக்குச் சமைக்கத் தெரியுமா?"

"சுடுதண்ணி வைப்பாரு" என்றாள் மனைவி.

"சுகர், பிரஷர்?"

"ரெண்டும் இருக்கு."

"பிறகென்ன! அதையும் போடுங்க. இதவிடப் பெரிய ஆதாரம் எங்க கெடைக்கும்?"

யோசித்துச் சொல்கிறேன் என்று நான் வெளியே வந்தேன். மனைவியை ஆட்டோவில் அனுப்பிவிட்டு நடந்தேன். கீழ ராஜ வீதியில் நடந்து, திரும்பி, மறுபடியும் அதே வீதியில் நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பாறைக்குள் இருக்கிற ரயில் நிலையம், பச்சைத் தடம், மாறும் இடம், முழுகின கப்பல் எல்லாம் காலோடு கூடவே வந்தன. நான் இதுவரை இந்தியாவைத் தாண்டியதில்லை. தாண்டியிருக்கலாம் என்று யாரும் சொன்னதுமில்லை. இன்னொன்றும் கூட வந்தது. எங்கள் மகள் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்த அன்று நான் இலுப்பூரில் தேர்தல் பணியில் இருந்தேன். வாக்குப் பெட்டிகளை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு மறுநாள் மத்தியானம்தான் வந்தேன். நான் கேட்டிருந்தால் அந்தப் பணியிலிருந்து விலக்குக் கிடைத்திருக்கும். அதற்கும் ஒரு நடைமுறை உண்டு, எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. மனைவி அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் நினைவில் அது இருப்பதற்கு அவளுடைய அந்த மௌனமே போதும்.

வீட்டுக்குப் போனபோது அவள் சாப்பிடாமல் இருந்தாள்.

"நீ மட்டும் போ" என்றேன்.

"நீங்க இல்லாம நான் எப்படிங்க ஃபிளைட்டு மாறுவேன்? எனக்குத் திருச்சியில பஸ் மாறத் தெரியாது."

"எழுதித் தாரேன்."

"எழுதுவீங்க. அதுல கொறச்சலே இல்ல." தட்டை எடுத்து வைத்துக்கொண்டே, "அந்தக் கப்பலு?" என்றாள். நான் நோட்டில் எழுதியதையெல்லாம் அவள் படித்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

"முழுகின கப்பல்தான. அது எங்க போயிரப் போவுது" என்றேன்.

இரண்டாவது விண்ணப்பத்தில் விளக்கக் கடிதம் அரைப் பக்கம். மையத்துப் பெண் சொல்ல நான் எழுதினேன். கருணை என்ற சொல் வந்த இடத்தில் எல்லாம் அவர் அடித்தார். நிலம், வீடு, புரட்டாசியில் கடலை எடுப்பதற்குள் திரும்ப வேண்டியது, கோயில் மாதர் குழுவில் அவள் பொறுப்பு. கடைசி இணைப்பு நான். "என் கணவர் புதுக்கோட்டையில் தொடர்ந்து வசிப்பார்" என்று ஒரு வரி; அதற்கு ஆதாரமாக நானே கையெழுத்திட்ட ஓர் உறுதிமொழி, என் மருந்துச் சீட்டின் நகல். எத்தனையோ ஆயிரம் இணைப்புகளைச் சரிபார்த்திருக்கிறேன். ஒரு கோப்பில் நானே இணைப்பாகப் போனது அதுதான் முதல் தடவை. நாடா கட்டவில்லை. ஒரு கிளிப் போட்டார்.

மறுபடியும் பல்லவன், மறுபடியும் ரேகை. இந்த முறை அவள் நான்கு நாளாகப் பாத்திரம் தேய்க்காமல் விரலுக்குத் தேங்காயெண்ணெய் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பாத்திரம் நான் தேய்த்தேன். முதல் தடவையிலேயே ரேகை விழுந்தது. மே மாதம் முதல் வாரம் கூரியர் வந்தபோது உறையைப் பிரிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள். நான் பிரிக்கப் பயந்தேன் என்று பிறகு மகளிடம் சொல்லியிருக்கிறாள். அப்படி ஒன்றும் இல்லை. உறையின் பசை கெட்டியாக இருந்தது. பாஸ்போர்ட்டின் நடுவில் ஒரு பக்கத்தில் அவள் படத்தோடு விசா ஒட்டியிருந்தது. தொண்ணூறு நாள். அவள் அந்தப் பக்கத்தைச் சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, நேராகப் பிரசவ மருந்துக்குச் சுக்கு இடிக்கப் போய்விட்டாள்.

சென்னை விமான நிலையத்தில் நுழைவதிலிருந்து ஸ்டாக்ஹோமில் மகளைப் பார்க்கிற வரை, படிப்படியாகப் பதினொரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எந்தப் பலகையில் எந்த எழுத்தைப் பார்க்க வேண்டும், யார் என்ன கேட்டால் எந்தத் தாளைக் காட்ட வேண்டும், எந்த இடத்தில் பேசாமல் இருக்க வேண்டும், எல்லாம். மே கடைசியில் கிளம்பினாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனதும் என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டு போனாள். ஆறாம் பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருந்தேன்: பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காதே.

மறுநாள் சாயந்திரம் மகள் வீட்டிலிருந்து மனைவி பேசினாள்.

"நல்லபடியா வந்துட்டேங்க. காரைக்குடிக்காரவுக ஒரு குடும்பம், கூடவே கூட்டிட்டு வந்துட்டாங்க."

"நான் எழுதினது உதவியா இருந்துச்சா?"

"அத மறந்துட்டேங்க. ஃபிரிட்ஜ் மேல இருக்கு பாருங்க."

பார்த்தேன். இருந்தது. காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஊறுகாய் பாட்டில் வைத்திருந்தாள்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பேத்தி பிறந்தாள். அறைக்குள் மனைவியையும் விட்டிருக்கிறார்கள். "அவ என் கையத்தான் புடிச்சிருந்தா. பாருங்க, நகம் பட்ட எடம்" என்று மணிக்கட்டைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள், மங்கலாகத் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமான ஒரு காயத்தை நான் பார்த்ததில்லை. அப்புறம் படம் வந்தது. பிள்ளையைச் சுற்றியிருந்த துணியின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு பச்சைக் கரை. நான் அலுவலகம் போக ஆரம்பித்த காலத்தில் வாங்கிய வேட்டி. ஸ்டாக்ஹோமுக்கு என் சார்பில் அதுதான் போயிருக்கிறது.

இங்கே நான் பொறுப்பாக ஜாமீன் இருந்தேன். தோசை ஊற்றக் கற்றுக்கொண்டேன். ஒன்றும் வட்டமாக வரவில்லை. விசா எண்ணைப் பார்க்க வேண்டியதில்லை என்றாலும் கை பழக்கத்தில் போனை எடுக்கும். அவர்கள் ஊரில் விடிந்துவிட்டதா என்று பார்ப்பேன். அங்கே அந்த மாதத்தில் இருட்டுவதே அபூர்வம். மையத்துப் பெண்ணுக்குப் பத்து நாளாக மனு எழுதிக் கொடுக்கிறேன். சாயந்திரம் நாலு மணிக்கு மேல் அங்கே போய் உட்காருவேன். முதியோர் பென்ஷன் மனுக்கள்தான். பிள்ளை எங்கே இருக்கிறார், கடைசியாக எப்போது பேசினார், என்ன அனுப்புகிறார் என்று கேட்டுக் கேட்டு எழுதுகிறேன். என் மனுக்கள் நீளமாக இருக்கின்றன என்று அவர் குறைப்பட்டுக்கொள்கிறார்.

நேற்று மனைவி கூப்பிட்டாள். இன்னும் முப்பது நாள் பாக்கி.

"ஒங்க கப்பலப் பாத்துட்டேங்க. பிள்ளையத் தள்ளுவண்டில வச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. அம்மாடி, அது கப்பலா, கோபுரமா! ஆனா உள்ள ஒரே இருட்டு. கரண்டு போயிருச்சோன்னு நெனச்சேன்."

"மரம் கெட்டுப்போயிரும்னு அப்படி வச்சிருப்பாங்க."

"தெரியும்னா நேரா வந்து பாத்திருக்க வேண்டியதுதான" என்றாள். உடனே பேச்சை மாற்றினாள். "ஏங்க, ஒண்ணு கேக்கணும். இந்த விசாவ இன்னும் ரெண்டு மாசம் நீட்டிக்க முடியுமா? இவளுக்கு இன்னும் இடுப்பு வலி சரியாகல. பிள்ளையும் இப்பத்தான் மொகம் பாத்துச் சிரிக்குது. ஒங்களுக்குத்தான் எல்லா நடைமுறையும் தெரியுமே."

எனக்குத் தெரியும். நீட்டிப்புக்குத் தக்க காரணம் வேண்டும். பேத்தி சிரிப்பது அதில் வராது. மேலும் அவள் கோப்பில் கடைசி இணைப்பாக ஒருவன் கையெழுத்துப் போட்டுக்கொடுத்து இங்கே உட்கார்ந்திருக்கிறான்.

"விதியில எடம் இல்ல" என்றேன்.

"ஒங்க விதியில என்னைக்கு எடம் இருந்திருக்கு?" என்றாள். கோபம் இல்லை. "சும்மாதான் கேட்டேன். வந்துருவேன். நீங்க அங்க தனியா இருக்கீங்கள்ல."

பின்னால் பிள்ளை அழுதது. "இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனை அப்படியே எங்கோ வைத்துவிட்டுப் போனாள். திரையில் ஒரு வெள்ளைக் கூரை மட்டும் தெரிந்தது. சமையலறையாக இருக்க வேண்டும். பிள்ளையைத் தூக்குமுன் கை கழுவக் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. நான் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அடுப்பில் என் தோசை தீயும் வாடை வந்தது. இருக்கட்டும் என்று அந்தக் குழாய் மூடப்படும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.